குளிர்காலத்துக்கு ஒரு பழைய பேஸ்பால் கேம்: எந்தக் கேசட்டைச் செருகுவது?

அமெரிக்காவில் நவம்பர் பிறந்தால் பேஸ்பால் கடையைக் கட்டிவிடும். மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் முடிந்தபின் மார்ச் கடைசி வரை டிவியில் ஒன்றும் கிடையாது. வெளியே போய் ஆடலாமென்றால் சிகாகோ பக்கத்துக் குளிர் விடாது. போன நவம்பரில் என் பத்து வயது மகன் கையுறைக்கு எண்ணெய் தடவி, உள்ளே பந்தை வைத்து ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் ஏற்றிவிட்டு, "அப்பா, இனிமே அஞ்சு மாசம் என்ன பண்றது?" என்றான். லிட்டில் லீக் என்ற சிறுவர் போட்டியில் இரண்டாம் பேஸ் காக்கிறவன் அவன். பேஸ் என்பது அடித்தவன் ஓடித் தொட வேண்டிய நான்கு முனைகளில் ஒன்று.

"பழைய வீடியோ கேம் ஏதாவது ஆடலாம்டா, நாங்கல்லாம் ஆடுனது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "எது?" என்று கேட்டான். அதற்குப் பதில் தேடத்தான் இவ்வளவு பெரிய கட்டுரை.

'நாங்கள் ஆடியது' என்பதே பாதிப் பொய். நான் பேஸ்பாலை முதலில் பார்த்தது 90களின் நடுவில், மதுரையில், அடுத்த வீட்டு டிவியில். நின்டெண்டோ ஜப்பானில் விற்ற ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல் ஒன்று அங்கே வந்திறங்கியிருந்தது. '9999 இன் 1' என்று போட்ட மஞ்சள் கேசட்டில் உருப்படியாக முப்பது கேம் தேறினால் அதிகம். மிச்சமெல்லாம் அதே கேம், வேறு நம்பர். கான்ட்ரா, மரியோ, ரோடு ஃபைட்டர் நடுவே 'பேஸ்பால்' என்று ஒன்று கிடந்தது. கிரிக்கெட் இல்லாத குறைக்கு அதைப் போட்டோம். பவுலர் கையை மடக்கி எறிகிறான். அம்பயர் நோ பால் கொடுக்கவில்லை. ஸ்டம்ப் இல்லை. அழகாக லேட் கட் அடித்தால் 'ஃபவுல்' என்று திருப்பி அனுப்புகிறான். நேராக அடித்தால் நம்மைக் கேட்காமலே ஓடுகிறான். இரண்டு நாள் பார்த்தோம், ரோடு ஃபைட்டருக்கே திரும்பிவிட்டோம்.

அந்த விளையாட்டின் அருமை புரிய எனக்குப் பதினைந்து வருஷமும் ஒரு விசாவும் தேவைப்பட்டன. புரிந்த பிறகு, அமெரிக்க நண்பர்கள் கண் கலங்கப் பேசும் பழைய பேஸ்பால் கேம்கள் ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து ஆடினேன். சின்ன வயது ஞாபகம் எனக்கு இல்லாததால், அவர்களுக்குத் தெரியாத குறை என் கண்ணில் பட்டது என்று நினைக்கிறேன்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமே. கிராஃபிக்ஸ், சத்தம், அணிகளின் எண்ணிக்கை என்று பட்டியல் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிட்சர் எறிய, பேட்டர் சுற்ற, அந்தச் சண்டை எல்லா கேமிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கேமுக்கு கேம் மாறுவது பந்து மட்டையில் பட்ட பிறகு வரும் இரண்டு விநாடி. பந்து எங்கோ போகிறது. அதைப் பிடிக்கும் ஆள் உன் விரலுக்குக் கட்டுப்படுகிறானா, இல்லையா? பழைய கேம் நிற்பதும் விழுவதும் அங்கேதான். என் மகனைப் போல இரண்டாம் பேஸில் நிற்கிற பையனுக்கு இது இன்னும் முக்கியம்.

நின்டெண்டோ பேஸ்பால்

நான் மதுரையில் பார்த்தது இதுதான். 1983 டிசம்பரில் ஜப்பானில் வந்தது. 1985இல் அமெரிக்காவில் நின்டெண்டோ பெட்டி கால் வைத்தபோது கூடவே வந்த கேம்களில் ஒன்று. ஆறு அணிகள், அணிகளுக்குப் பெயர் கிடையாது, அணிக்கு ஓர் எழுத்து. சட்டை நிறம்தான் வித்தியாசம்.

இதற்கு ஒரு மரியாதை செய்ய வேண்டும். நின்டெண்டோ கன்ட்ரோலரில் இடது பக்கம் பிளஸ் வடிவத்தில் பட்டன் இருக்குமே, அதையே பேஸ்பால் மைதானமாக மாற்றியது இந்த வரிசை கேம்கள்தான். வலது முதல் பேஸ், மேல் இரண்டாவது, இடது மூன்றாவது, கீழ் ஹோம். திசையை அழுத்தி ஏ பட்டனைத் தட்டினால் பந்து அந்த பேஸுக்குப் பறக்கும். கட்டை விரலுக்கடியில் ஒரு குட்டி மைதானம். இப்போது ஆடினாலும் அரை நிமிடத்தில் பிடிபடும்.

ஆனால் நான் சொன்ன அந்த இரண்டு விநாடியில் கேம் கவிழ்கிறது. ஃபீல்டர்கள் தாமாக ஓடுகிறார்கள். நாம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பந்து பக்கத்தில் போகும், அவன் அசைந்து அசைந்து போவான், நாம் சோபாவில் 'ஓடு ஓடு' என்று கத்துவோம். எறிவது மட்டுமே நம் வேலை. மகன் ஒரு இன்னிங்ஸ் ஆடிவிட்டு, "இது நான் ஆடல அப்பா, அதுவா ஆடுது" என்றான். நின்டெண்டோவின் ஸ்விட்ச் பெட்டி வைத்திருப்பவர்கள் ஆன்லைன் சந்தா கட்டினால், 2018இல் அந்தச் சேவை தொடங்கிய நாளிலிருந்தே இந்த கேம் அதில் இருக்கிறது. தனியாகக் காசு கொடுத்துத் தேட வேண்டாம். பார்த்துவிட்டு நகரலாம்.

ஆர்.பி.ஐ. பேஸ்பால்

அலுவலகத்தில் எனக்கு இரண்டு மேசை தள்ளி, பாஸ்டனில் வளர்ந்த ஒருவர் உட்காருகிறார். ஐம்பதைத் தொட்டவர். பழைய கேம் என்று வாயெடுத்ததும் மறுநாளே ஒரு பையில் பெட்டியையும் கறுப்புக் கேசட்டையும் கொண்டுவந்து வைத்தார். "வேறு எதையும் தேடாதே" என்றார்.

கறுப்புக் கேசட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. நின்டெண்டோ கேசட் என்றால் சாம்பல் நிறம். அட்டாரி கேம்ஸ் நிறுவனத்தின் கிளையான டெங்கன் 1988இல் முதலில் அனுமதி பெற்று, சாம்பல் நிறத்திலேயே இதை விற்றது. பிறகு நின்டெண்டோவோடு முறைத்துக்கொண்டு, அனுமதியில்லாமல் கறுப்புக் கேசட்டில் விற்க ஆரம்பித்தது. கண்ட கேசட்டும் ஓடாமல் தடுக்கப் பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சிப் உண்டு. அந்தப் பூட்டின் நிரலை, வழக்குக்கு வேண்டும் என்று சொல்லி அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்தே நகல் வாங்கிச் சாவி செய்தார்கள். அது வழக்காகி 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. அந்த நிறத்தைப் பார்த்தாலே எனக்கு எங்கள் ஊர் மஞ்சள் கேசட் ஞாபகம் வருகிறது. நாங்கள் மட்டும் கள்ளச் சரக்கு ஆடவில்லை என்று ஓர் ஆறுதல்.

கேமைச் செய்தது ஜப்பானின் நாம்கோ. 1986 டிசம்பரில் 'ஃபேமிலி ஸ்டேடியம்' என்று அங்கே வந்து சக்கைப்போடு போட்டது. 'ஃபாமிஸ்டா' என்றுதான் அங்கே கூப்பிடுவார்கள். அதையே அமெரிக்க ஆட்டக்காரர்களை வைத்து மாற்றியதுதான் ஆர்.பி.ஐ. கொழுக்கட்டை மாதிரி உருண்டையான ஆட்கள், குட்டைக் கால்கள். ஜப்பானிய மூலத்தில் நாம்கோவின் கேம் பாத்திரங்களே சேர்ந்த அணி ஒன்று உண்டு. அதில் பினோ என்ற ஆள் பேஸுக்கு வந்துவிட்டால் பிடிக்க முடியாத ஓட்டம் ஓடுவான். அமெரிக்கப் பதிப்பில் அந்த வேலை செயின்ட் லூயிஸ் அணியின் வின்ஸ் கோல்மனுக்கு. நிஜத்திலும் அவர் அப்படித்தான்: 1985, 86, 87 மூன்று வருஷமும் நூறு பேஸுக்கு மேல் திருடியவர், அதாவது பந்து அடிபடக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடித்தவர். கேமில் அவர் முதல் பேஸுக்கு வந்துவிட்டால் இரண்டாவது பேஸும் அவருடையது என்று எழுதிவைத்துக்கொள்ளலாம்.

நிஜ ஆட்டக்காரர்களின் பெயரை அவர்களுடைய சங்கத்திடம் உரிமம் வாங்கிப் போட்ட முதல் டிவிப் பெட்டி கேம் இது. ஆனால் அணிகளை நடத்தும் மேஜர் லீகிடம் உரிமம் வாங்கவில்லை. எனவே 'ரெட் சாக்ஸ்' என்று எழுத முடியாது, 'பாஸ்டன்' என்றுதான் வரும். அணிகள் பத்து. எட்டு ஊர்கள், நட்சத்திரங்களைத் திரட்டிய இரண்டு ஆல் ஸ்டார் அணிகள். எந்த எட்டு ஊர் என்று பார்த்தால், 1986லும் 87லும் இறுதிக் கட்டத்துக்கு வந்த அணிகள் அத்தனையும். அந்த இரண்டு வருஷத்தை ஜாடியில் போட்டு மூடி வைத்த மாதிரி.

பாஸ்டன்காரருக்கு அந்த ஜாடியைத் திறந்தால் நெஞ்சு வலிக்கும். 1986 அக்டோபர் 25, உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், நியூயார்க்கின் ஷே மைதானம். பத்தாவது இன்னிங்ஸில் பாஸ்டன் கோப்பைக்கு ஒரே ஒரு ஸ்ட்ரைக் தூரத்தில் நின்றது: பேட்டர் இன்னும் ஒரு பந்தைத் தவறவிட்டால் போதும். அங்கிருந்து நியூயார்க் எழுந்து வந்து சமன் செய்தது. பிறகு மூக்கி வில்சன் தட்டிய மெதுவான பந்து முதல் பேஸில் நின்ற பில் பக்னரின் கால் இடுக்கில் புகுந்து போய்விட்டது. 6-5. அடுத்த ஆட்டத்தையும் தோற்றார்கள். 1918க்குப் பிறகு கோப்பை காணாத ஊர் 2004 வரை காத்திருந்தது. அந்த இன்னிங்ஸை ஆர்.பி.ஐ. கேமிலேயே பந்துக்குப் பந்து மறுபடி ஆடி, வின் ஸ்கல்லியின் நேர்முக வர்ணனையை மேலே ஓடவிட்டு ஒருவர் 2006இல் இணையத்தில் போட்டார். உருண்டைப் பொம்மைகள்தான் ஆடுகின்றன. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், எங்கள் ஆபீஸ்காரர் கடைசிப் பந்தில் ஃபோனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டார்.

இனி அந்த இரண்டு விநாடிக்கு வருவோம். இதில் ஃபீல்டர்கள் நம் கையில். பிளஸ் பட்டனை இடது பக்கம் அழுத்தினால் ஒருவர் மட்டுமல்ல, வரிசையே இடது பக்கம் நகரும். முதலில் சிரிப்பாக இருக்கும், கூட்டமாக கும்மி அடிப்பது போல. பத்து நிமிடம் ஆடினால் அதுதான் சரியென்று தோன்றும். யாரைப் பிடிப்பது என்று யோசிக்க வேண்டாம், பந்து எங்கே விழும் என்று மட்டும் யோசித்தால் போதும்.

பிட்சிங்கில்தான் இதன் உயிர். பந்து கையை விட்ட பிறகும் இடது வலது அழுத்தி வளைக்கலாம். எதிரில் உள்ளவர் பேட்டரை அவன் நிற்கும் கட்டத்துக்குள் நகர்த்தி நகர்த்தி நிற்பார். நேஷனல் லீக் ஆல் ஸ்டாரில் ஃபெர்னாண்டோ வலென்சுவேலா எறிந்தால் பந்து போகிற போக்கில் மனசு மாறும். அடிக்க வேண்டாத பந்துக்கு மட்டையைச் சுற்ற வைத்துவிட்டு எதிராளி முகத்தைத் திரும்பிப் பார்க்கிற அந்தக் கணத்துக்காகவே இதை ஆடலாம். களைத்த பிட்சரின் வேகம் இறங்கும். எப்போது மாற்றுவது என்று தெரியாவிட்டால் ஒரே இன்னிங்ஸில் ஆறு ரன் போய்விடும். பத்து ரன் வித்தியாசம் வந்தால் ஆட்டமே முடிந்துவிடும். சின்னப் பையனோடு ஆடும் அப்பாக்களுக்கு அந்த விதி ஒரு வரம். யார் பக்கம் என்று கேட்காதீர்கள்.

குறை? தனியாக ஆட இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. சீசன் கிடையாது, புள்ளிவிவரம் சேராது. பக்கத்தில் ஆள் இல்லையென்றால் அரை மணியில் அலுத்துவிடும்.

பேஸ்பால் ஸ்டார்ஸ்

தனி ஆளுக்கு இது. எஸ்.என்.கே. என்ற ஜப்பானிய நிறுவனம் 1989இல் கொண்டுவந்தது. நிஜ அணியின் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் கற்பனை அணிகள். நிஞ்சா பிளாக்ஸ், முழுக்கப் பெண்களே ஆடும் லவ்லி லேடீஸ், பேய் பிசாசுகளின் 'காஸ்ட்லி மான்ஸ்டர்ஸ்'. ஆங்கிலத்தில் அது Ghastly, கோரமான என்று பொருள். இந்தக் கடைசிப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதினால் விலையுயர்ந்த பூதங்கள் என்றாகிவிடுகிறது. அவர்களை ஜெயிக்கப் படும் பாட்டைப் பார்த்தால் அதுவும் பொருத்தமே.

கேசட்டுக்குள் ஒரு பேட்டரி இருக்கிறது. பெட்டியை அணைத்தாலும் உன் அணி அழியாது. இன்றைக்கு இது ஒரு பெருமையா என்று தோன்றும். 1989இல் ஒரு பையன் தானே ஆட்களுக்குப் பெயர் வைத்து, அணி கட்டி, ஆட்டம் ஜெயித்துக் காசு சம்பாதித்து, அந்தக் காசில் ஓர் ஆளின் அடியையும் இன்னொருவனின் ஓட்டத்தையும் ஏற்றி, ஒத்துவராதவனை வெளியேற்றி, இதெல்லாம் மறுநாள் பள்ளி விட்டு வந்தாலும் அப்படியே இருக்கும் என்பது பெரிய விஷயம். ஆளின் மதிப்பு ஏறினால் வசூலும் ஏறும். பெண் ஆட்டக்காரர்களையும் உருவாக்கலாம். இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப், என் அணியில் என் அக்காவின் பெயரில் இருக்கிறார். ஊரில் இருக்கும் அக்காவுக்கு இன்னும் தெரியாது.

ஃபீல்டிங்கிலும் இந்த கேம்தான் தன் காலத்துக்கு உச்சம். தாவலாம், பாயலாம், வேலிமேல் ஏறி வெளியே போகிற ஹோம் ரன்னைக் கையில் பறிக்கலாம். எட்டு பிட் கேம்களில் அந்த இரண்டு விநாடியை இதைவிட நன்றாகச் செய்ததை நான் பார்க்கவில்லை.

பிறகு ஏன் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுக்கவில்லை என்றால், அந்தப் பேட்டரி. நான் ஆன்லைனில் பழைய பொருள் விற்கும் ஒரு கடையில் 'சோதித்துப் பார்த்தது' என்ற உறுதியோடு வாங்கினேன். கேம் ஓடியது. ஆசையாக ஆட்களுக்குப் பெயர் வைத்தோம், மகன் தன் வகுப்பில் பாதிப் பேரை அணியில் சேர்த்துவிட்டான். மறுநாள் போட்டால் ஒருவரும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேலான பேட்டரி செத்துப்போயிருந்தது. கேசட்டின் திருகு சாதாரணத் திருப்புளிக்கு அசையாது, 3.8 மில்லிமீட்டர் தனி முனை வாங்க வேண்டும். உள்ளே கார் சாவியில் போடும் அதே சி.ஆர். 2032 வட்ட பேட்டரிதான், ஆனால் பற்றவைத்திருக்கும். காதுவைத்த பேட்டரி வாங்கி, சால்டரிங் அயர்னைத் தூக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கடைக்காரர் 'கேம் ஓடுகிறதல்லவா' என்று பதில் எழுதினார். வாங்குகிறவர்கள், சேமித்ததை ஒரு நாள் கழித்துத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இவ்வளவு வேண்டாம், எஸ்.என்.கே. பாணி மட்டும் போதும் என்றால் அவர்களுடைய நியோ ஜியோ பெட்டிக்கு 1992இல் வந்த 'பேஸ்பால் ஸ்டார்ஸ் 2' இப்போதைய பெட்டிகளிலேயே டவுன்லோடாகக் கிடைக்கிறது. அணி கட்டும் சுகம் அதில் இல்லை. ஆனால் ஆள் அவுட்டானால் மட்டையை முழங்காலில் வைத்து உடைக்கிற அளவுக்கு நாடகம்.

பேஸஸ் லோடட், மற்றும் சில

ஜலேகோவின் 'பேஸஸ் லோடட்' 1988இல் அமெரிக்கா வந்தபோது, பிட்சரின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கும் டிவி கோணத்தால் எல்லாரையும் மயக்கியது. ஆனால் பந்து அடிபட்டதும் காட்சி மாறி, ஃபீல்டரைத் தேடுவதற்குள் எதிராளி இரண்டு பேஸ் ஓடிவிடுவான். 130 ஆட்ட சீசனைக் கடவுச்சொல் எழுதி எழுதித் தொடர வேண்டும். நியூ ஜெர்சி அணியின் பேஸ்ட் என்ற அசுரனை மட்டும் யாரும் மறக்கவில்லை. ஜப்பானிய மூலத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு: சும்மா மட்டையைக் காட்டி பன்ட் செய்தாலே ஹோம் ரன் போய்விடும். அந்தப் பிழை அங்கே இன்றும் கேலிப் பொருள்.

எண்களில் ஊறியவர்கள் கணினிப் பக்கம் போவார்கள். 1987இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட 'ஏர்ல் வீவர் பேஸ்பால்', பால்டிமோர் அணியின் பழைய மேலாளர் வீவரின் வியூகங்களை வைத்துக் கட்டியது. அதைச் செய்தவர்களில் ஒருவரான டான் டாக்லோ 1971இலேயே கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரிக் கணினியில் பேஸ்பால் நிரல் எழுதியவர். இந்த வம்சத்துக்கே மூத்தவர். எனக்கு வீவர் பிடிக்கும். பத்து வயதுப் பையனை அதன் முன் உட்கார வைப்பது பாவம்.

கென் கிரிஃபி

சூப்பர் நின்டெண்டோவுக்கு 1994இல் வந்த 'கென் கிரிஃபி ஜூனியர் பிரசன்ட்ஸ் மேஜர் லீக் பேஸ்பால்'. பெயர் நீளம், எல்லாரும் 'கிரிஃபி' என்பார்கள். நின்டெண்டோவின் அப்போதைய தலைவர் ஹிரோஷி யமாவுச்சியின் முதலீட்டில் சியாட்டில் மரினர்ஸ் அணி 1992இல் கை மாறியது. அந்த அணியின் செல்லப்பிள்ளை கிரிஃபி. அவர் முகம் அட்டையில் வந்ததில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம், கேமைச் செய்தது இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்த சாஃப்ட்வேர் கிரியேஷன்ஸ் என்ற நிறுவனம். கிரிக்கெட் ஊர்க்காரர்கள் இவ்வளவு நல்ல பேஸ்பால் செய்தார்கள் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

ஆர்.பி.ஐ.யை அப்படியே திருப்பிப் போட்டது இது. லீகின் உரிமம் உண்டு, ஆட்டக்காரர் சங்கத்தின் உரிமம் இல்லை. 28 நிஜ அணிகள், நிஜச் சின்னங்கள். ஆனால் ஆட்களில் நிஜப் பெயர் கிரிஃபி ஒருவருக்கு மட்டும். மற்றவரெல்லாம் புனைபெயரில் உலவுகிறார்கள். 'கிரிக்கெட் 07' ஆடிய தலைமுறைக்கு இந்தக் கஷ்டம் தெரியும். பெயர் திரிந்திருக்கும், ஆட்டத்தைப் பார்த்தால் ஆள் யாரென்று புரிந்துவிடும். அமெரிக்கப் பிள்ளைகளும் நாம் செய்ததையே செய்தார்கள். உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகத் திருத்தினார்கள். கேசட் அதைச் சேமித்து வைத்தது.

அந்த வருஷம் ஆகஸ்ட் 12 அன்று ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கிரிஃபி அப்போது 40 ஹோம் ரன்னில் நின்றார். உலகத் தொடரே ரத்தானது, 1904க்குப் பிறகு முதல் தடவையாக. அந்த இலையுதிர் காலத்தில் உலகத் தொடர் பார்க்க வேண்டுமென்றால் இதைப் போன்ற கேசட்டில்தான் பார்க்க வேண்டியிருந்தது.

மட்டை சுற்றும் சுகத்தில் இதற்கு நிகர் இல்லை. சரியான நேரத்தில் பட்டால் 'டக்' என்று வரும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். பந்தை நிமிர்ந்து பார்க்கவே வேண்டாம். ஃபீல்டிங்தான் சுமார். பெரிய ஆட்கள், நெருங்கிய காட்சி. வெளிவட்ட ஆள் எங்கே நிற்கிறான் என்று தெரியாமலே ஓட வைக்க வேண்டும். அதற்குப் பழக ஒரு வாரம் ஆனது. இதற்கும் பேட்டரி வைத்தியம் உண்டு, மேலே சொன்ன அதே திருப்புளி.

பெயரும் வேண்டும், அணியும் வேண்டும் என்பவர்கள் சேகா பக்கம் போகலாம். அதே 1994இல் சேகாவின் ஜெனசிஸ் பெட்டிக்கு வந்த 'வேர்ல்ட் சீரீஸ் பேஸ்பால்' இரண்டு உரிமமும் வாங்கியது. நல்ல கேம். எனக்கு ஏனோ அதில் சிரிப்பு வரவில்லை.

பேக்யார்ட் பேஸ்பால்

என்னைவிடப் பத்து வயது சிறியவர்களிடம் கேட்டால் மேலே சொன்ன எதையும் சொல்ல மாட்டார்கள். "பாப்லோ சான்செஸ்" என்பார்கள், முகம் மலர.

1997இல் ஹியூமங்கஸ் என்டர்டெயின்மென்ட் கணினிக்குச் செய்தது. தெருப் பிள்ளைகள் முப்பது பேர். இரண்டு தலைவர்கள் மாறி மாறி ஆள் எடுக்க வேண்டும். இது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசியில் மிஞ்சுகிறவனின் முகம் நம் எல்லாருக்கும் தெரியும், சிலருக்குக் கண்ணாடியில். சக்கர நாற்காலியில் வரும் கென்னி கவாகுச்சி, காதில் ஹெட்ஃபோனோடு மட்டை பிடிக்கும் அக்மத் கான், கையில் பொம்மையோடு ஒரு பெண், ஒருவர் விடாமல் ஆடுவார்கள். தொப்பை வைத்த குட்டைப் பையன், ஸ்பானிஷ் மட்டும் பேசுகிற பாப்லோதான் எல்லாரையும்விடப் பெரிய அடிகாரன். முதல் வாய்ப்பில் அவனை எடுக்காதவனுக்கு கேம் தெரியாது என்று அர்த்தம்.

மவுஸ் ஒன்று போதும். கிளிக் செய்தால் எறிவான், கிளிக் செய்தால் அடிப்பான். என் அளவுகோலில் ஃபீல்டிங் நடுத்தரம், ஆனால் ஏழு எட்டு வயதுக்கு அதுவே சரி. 2024 அக்டோபரில் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். பேட்டரி, திருகு, கறுப்புக் கேசட் என்ற தொல்லை ஒன்றும் இல்லை. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்து, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க மட்டும் போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் இதை எடுங்கள்.

வாங்கும் முன் டிவியைப் பாருங்கள்

அசல் பெட்டியும் கேசட்டும் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழைய நின்டெண்டோ விநாடிக்கு 60 தடவை திரையை வரைகிறது. பிட்சர் கையிலிருந்து மட்டைக்கு வர எடுக்கும் நேரமே கொஞ்சம். இப்போதைய தட்டை டிவி அந்தப் பழைய சிக்னலை வாங்கி, மாற்றி, மெருகேற்றிக் காட்டுவதற்குள் சில காட்சிகள் பின்தங்கிவிடும். நீங்கள் சரியாகத்தான் அடித்தீர்கள். டிவி தாமதமாகக் காட்டியது. முதல் வாரம் முழுக்க நான் என் வயதைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். டிவி அமைப்பில் 'கேம் மோட்' போட்டதும் பாதி சரியானது. மீதிப் பாதிக்கு, பக்கத்துத் தெருவில் குப்பைக்கு வைத்திருந்த பழைய குண்டு டிவி ஒன்றை இரண்டு பேராகத் தூக்கி வந்தோம். வீட்டில் அதற்கு என்ன வரவேற்பு என்பது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே.

நாங்கள் எடுத்தது

பக்கத்தில் ஆள் இருந்தால் ஆர்.பி.ஐ. ஆள் இல்லை, பொறுமை இருக்கிறது, சால்டரிங் தெரியும் என்றால் பேஸ்பால் ஸ்டார்ஸ். அடிக்கிற சுகம் மட்டும் வேண்டுமென்றால் கிரிஃபி. பத்து வயதுக்குக் கீழே என்றால் பேக்யார்ட். 2005இன் 'எம்.வி.பி. பேஸ்பால்' பற்றிச் சிலர் கேட்பார்கள். அது அருமையான கேம், ஆனால் அதன் பட்டன்களை மனப்பாடம் செய்வதற்குள் மார்ச் வந்துவிடும்.

எங்கள் வீட்டில் பேஸ்பால் ஸ்டார்ஸ் என் இரவு வேலை. அக்கா இப்போது .340 அடிக்கிறார், அதாவது நூறு வாய்ப்பில் 34 ஹிட். மாலையில் மட்டும் ஆர்.பி.ஐ. நான் பாஸ்டன், அவன் செயின்ட் லூயிஸ். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, ஆட்டம் சமன், கோல்மன் முதல் பேஸில். நான் ஓரக்கண்ணால் மகனின் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மேல் பக்கம் அழுத்தினால் நான் இரண்டாவது பேஸுக்கு எறியத் தயாராக. அவன் அசையவே இல்லை. நான் நிம்மதியாகப் பந்தை எறிந்தேன். அப்போதுதான் ஓடவிட்டான்.

"என் கையைப் பார்க்காதப்பா, டிவியப் பாரு" என்றான்.